எண்ணெய் விடுதலும் எண்ணெய் மாற்றுதலும்

தஞ்சைத் தரணியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கல்லணையைப் பற்றி எழுதினர். இராசராசன் எடுப்பித்த பெருங்கோயிலைப் பற்றி எழுதினர். நாயக்கரையும் மராட்டியரையும் பற்றி எழுதினர். இவையெல்லாம் எழுதத் தக்கனவே. ஆயினும், இந் நாட்டின் களங்களிலிருந்து நெல்லைச் சுமந்து சென்ற வண்டிகளின் அச்சில் என்ன தடவினார்கள் என்று கேட்டவர் மிகச் சிலர். அச்சில் தடவுவது வரலாறா என்று மாணவர்கள் சிலர் நகைக்கக் கூடும். அது தடவப்படாத நாளில் வண்டி நின்றது. வண்டி நின்ற நாளில் நெல் நின்றது. ஆகவே அதற்கும் ஒரு வரலாறு உண்டென்றே நான் கொள்கிறேன்.

அதன் பெயர் மசகு. வைக்கோலைக் கருக்கித் தூளாக்கி, அத் தூளை விளக்கெண்ணெயில் குழைத்தால் கிடைக்கும் கரிய களிம்பே அது. வண்டிமை என்றும் சொல்வர். ஒரு மூங்கிற் குழாயில் அதனை நிரப்பி வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். நெடுவழி செல்லும் வண்டிக்காரர் இடையே நிறுத்தி, கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளிப்புறமாகச் சற்றே இழுத்து, ஒரு குச்சியால் மசகை அச்சில் அப்பிவிட்டுச் சக்கரத்தை மீண்டும் தள்ளிக் கடையாணியைச் செருகுவார். அந்த மசகு சட்டையில் பட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. 1960களில் எங்கள் பள்ளியில், வண்டியின் பின்னே தொற்றிக்கொண்டு வந்த மாணவர் யார், நடந்து வந்த மாணவர் யார் என்பதை ஆசிரியர் அவரவர் கால்சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எண்ணெயை மட்டும் விட்டால் என்ன, கரி எதற்கு என்று கேட்கலாம். தனி எண்ணெய் வெயிலில் இளகி வழிந்துவிடும். கரித்தூள் அதனைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் நெல் வைக்கோலில் மணற்சத்து மிகுதி. அது ஓரளவு அச்சை அரித்துமிருக்கும் என்பது என் கருத்து. தேய்ந்த அச்சு நடுவழியில் முறிவதும் அக்காலத்தில் அரிதன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில், உப்பு வாணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியை ஔவையார் உவமையாக ஆள்கிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் வண்டிக்காரரின் கவலை அச்சைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது.

விளக்கெண்ணெய் என்னும் பெயரையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஆமணக்கு விதையின் நெய்யாகிய அதற்கு நம் முன்னோர் விளக்கை வைத்தே பெயரிட்டனர். பிறகு மண்ணெண்ணெய் வந்தது. விளக்கு அதன் கைக்குப் போயிற்று. எஞ்சிய வேலைகளில் ஒன்று வயிற்றைச் சுத்தம் செய்வது, மற்றொன்று இரும்பை வழவழப்பாக்குவது. இவ்விரண்டாவது வேலையில் அது உலகப் புகழ் பெற்றது என்பதைப் பலர் அறியார்.

சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் முதல் புகைவண்டி ஓடியது 1856இல். நம் பகுதிக்கு அது வர நெடுநாள் ஆகவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இலும், தஞ்சையிலிருந்து பூதலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1862இலும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மசகு தடவிய மாட்டுவண்டிகள் நெல்லைக் கொண்டுவந்து இறக்க, எண்ணெய் ஊட்டப்பட்ட இரும்பு வண்டிகள் அதனை ஏற்றிச் சென்றன. அந்த இரும்பு வண்டிகளுக்கும் அன்று ஊட்டப்பட்டது பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் மசகிற்கும் விளக்கிற்கும் அவ்வெண்ணெயைப் பெருமளவில் வாங்கின. காளை இழுத்தாலென்ன, நீராவி இழுத்தாலென்ன, அச்சு கேட்டது ஒன்றையே.

புகைவண்டியின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய கழிவுப் பஞ்சைத் திணித்து வைப்பார்கள். சுழலும் அச்சு அப்பஞ்சைத் தொட்டுத் தொட்டுத் தன்னை நனைத்துக்கொள்ளும். பஞ்சு உலர்ந்துவிட்டால் அச்சு சூடேறும், புகையும், தீப்பற்றும், இறுதியில் முறிந்தும் போகும். இதற்கு இருப்புப்பாதையினர் ‘ஹாட் ஆக்சில்’ என்று பெயரிட்டிருந்தனர். நிலையத்தில் நில்லாமல் கடந்து செல்லும் சரக்கு வண்டியை நிலைய ஊழியர் நின்று கவனிப்பதற்கு ஒரு காரணம் இதுவே. கொடி காட்டும் மரியாதை என்று சிறுவயதில் எண்ணியிருந்தோம். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது புகையையும் கருகல் நாற்றத்தையும் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இந்த அச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சியில்தான் ஒரு பெரிய உண்மை தற்செயலாக வெளிப்பட்டது. 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர் இருப்புப்பாதை அச்சின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக அச்சின்மேல் அமர்ந்த உலோகத் தாங்கியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளைவழியே மேலேறி வெளியே வழிந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது சதுர அங்குலத்துக்கு 200 இராத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைக் காட்டிற்று. சுழலும் அச்சு எண்ணெயைத் தனக்கும் தாங்கிக்கும் இடையே ஆப்புப்போல் இழுத்துச் செருகிக்கொண்டு, அவ்வெண்ணெயின்மேல் மிதக்கிறது என்பது இதனால் விளங்கியது. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் இதற்குரிய கணிதத்தை வகுத்தார். ஆக, நன்கு எண்ணெய் இட்ட இயந்திரத்தில் இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. தொடுகிற கணத்தில் அழிவு தொடங்குகிறது.

இதற்கிடையில் நிலத்தடி எண்ணெயின் காலம் பிறந்துவிட்டது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றையும், 1889இல் நம் அஸ்ஸாமில் திக்பாயில் கிடைத்த எண்ணெயையும் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மண்ணெண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கனத்த பகுதி மசகாகப் பயன்பட்டது. ஆயினும் ஆமணக்கு உடனே தோற்றுவிடவில்லை. முதல் உலகப்போரின் விமானங்கள் பலவற்றில் அதுவே ஊற்றப்பட்டது. அது பெட்ரோலில் எளிதில் கரையாது, சூட்டிலும் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். 1909இல் இலண்டன் வணிகர் சார்லஸ் வேக்ஃபீல்டு தம் எண்ணெய்க்கு இட்ட ‘காஸ்ட்ரால்’ என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. ஆமணக்குக்கு ஒரு குறை உண்டு. சூட்டில் நாளடைவில் அது பிசினாக இறுகிவிடும். அந்த விமான எஞ்சின்களை அடிக்கடி பிரித்துச் சுரண்ட வேண்டியிருந்தது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மையை நீங்கள் கவனித்திருக்க வேண்டும். வண்டியின் அச்சுக்கு மசகு இட்டார்கள்; அது உதிர்ந்தது; மீண்டும் இட்டார்கள். நீராவி எஞ்சினின் உருளைக்குள் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து நீராவியோடு வெளியேறியது. போர் விமானமும் தான் குடித்த எண்ணெயைப் புகையோடு உமிழ்ந்தது. எண்ணெய் ஒருமுறை உழைத்துவிட்டுப் போய்விடும். வருவது புதிய எண்ணெய். எனவே அக்காலத்தில் எண்ணெய் ‘விடுதல்’ இருந்ததேயொழிய எண்ணெய் ‘மாற்றுதல்’ என்பது பெரும்பாலும் இல்லை. எண்ணெயை ஒரு மூடிய தொட்டிக்குள் அடைத்து, அதே எண்ணெயைத் திரும்பத் திரும்ப உழைக்க வைத்த பிறகுதான் மாற்றும் கடமை தோன்றியது. அந்த மூடிய தொட்டி நம் வயலுக்கு வந்த வழி சற்றே வேடிக்கையானது. அதற்கு ஒரு புல்தரையில் தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தின் குளாஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌடு என்னும் ஊரைச் சுற்றிக் கம்பளித் துணி ஆலைகள் மிகுதி. நெய்த துணியின்மேல் துருத்திநிற்கும் மயிரிழைகளைச் சமமாகக் கத்தரிக்க, சுழலும் கத்திகள் பொருத்திய உருளை ஒன்று ஆலைகளில் இருந்தது. எட்வின் பியர்டு பட்டிங் என்னும் இயந்திர வினைஞர் அதைக் கண்டு, துணியின் மயிரை வெட்டுவது போலவே தரையின் புல்லையும் வெட்டலாமே என்று எண்ணினார். 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பெரிய அரிவாள் கொண்டு, பனி உலராத விடியற்காலையில் புல்லை வெட்டிவந்தனர். பட்டிங்கின் தொடக்ககால இயந்திரங்களில் ஒன்று இலண்டன் ரீஜண்ட் பூங்காவின் விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்றது. 1832இலிருந்து இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் கம்பெனியார் உரிமை பெற்று அதைச் செய்து விற்றனர். 1902இல் அதே கம்பெனியார் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியையும் விற்கலாயினர்.

பட்டிங் பிற்காலத்தில் அருகிலிருந்த டர்ஸ்லி என்னும் சிற்றூரில் குடியேறி, கம்பளி சீவும் இயந்திரங்களுக்குரிய பகுதிகளைச் செய்துவந்த ஜார்ஜ் லிஸ்டர் என்பவரோடு பணியாற்றினார். 1846இல் அவ்வூரிலேயே மறைந்தார். ஜார்ஜின் மகன் இராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் 1867இல் தனியே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அந்தத் தொழிற்சாலை 1929ஆம் ஆண்டளவில் ஒரு சிறு டீசல் எஞ்சினை வெளியிட்டது. ஒற்றை உருளை, 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று, இருபுறமும் இரு கனத்த சக்கரங்கள். அதுவே இந்தியக் கிராமங்கள் ‘ஆயில் எஞ்சின்’ என்று அறிந்த வடிவம். குஜராத்தின் இராஜ்கோட்டில் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்த எஞ்சின்களின் எண்ணிக்கைக்கு அளவில்லை. ஒரு புல்வெட்டியின் கதை தஞ்சை வயலோரத்துக் கொட்டகை வரை வந்து சேரும் என்று பட்டிங் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

எண்ணெய் எஞ்சினால் நீர் இறைக்கும் எண்ணம் நம் மாகாணத்துக்கு லிஸ்டருக்கு முன்பே வந்ததுதான். 1900களின் முதற் பத்தாண்டில் சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் கிணறுகளில் எஞ்சின் வைத்து இறைத்துக்காட்டி, குடியானவர்களிடையே அதைப் பரப்ப முயன்றார். இறைவைப் பாசனத்தைப் பற்றி நூலும் எழுதினார். ஆனால் காவிரிப் படுகையில் அதற்கு வரவேற்பு இல்லை. ஏன் இருக்கும்? வாய்க்காலில் தண்ணீர் தானே வரும்போது டீசலைக் கொளுத்தி நீர் இறைப்பவன் பைத்தியக்காரன் அல்லவா? 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாயாகிய புது ஆறும் வெட்டப்பட்டபின், நீருக்கு முறை வகுத்தாயிற்று என்றே எங்கள் பக்கத்தார் நம்பினர்.

மாற்றம் 1960இல் தொடங்கியது. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. ‘பேக்கேஜ் திட்டம்’ என்றே ஊரில் அழைத்தார்கள். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் குறுவைக்கு வந்தது. குறுவைக்கு நாற்றங்கால் உரிய நாளில் விட்டாக வேண்டும். ஆற்றுநீர் ஒரு வாரம் தாமதித்தாலும் நாற்று முற்றும். எனவே கிணற்றுக்கும் குழாய்க் கிணற்றுக்கும் எஞ்சின் வேண்டியதாயிற்று. புனாவின் கிர்லோஸ்கர் எஞ்சின்களும் இராஜ்கோட்டு எஞ்சின்களும் வண்டியேறி வந்தன. இரவில் அவற்றின் ‘தடக் தடக்’ ஓசை நின்றால் தூங்குபவர் விழித்துக்கொள்வர்.

இவ்வகைச் சிறு எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெயை ஏற்றும் பெரிய ஏற்பாடு எதுவும் இராது. அடியிலுள்ள தொட்டியில் எண்ணெய் நிற்கும். பிஸ்டனோடு பிணைந்த தண்டின் அடியில் சிறு கரண்டி போன்ற ஓர் உறுப்பு உண்டு. சுற்றுக்கு ஒருமுறை அது எண்ணெயை வாரி இறைக்கும். அந்தத் தெளிப்பே எல்லா இடத்துக்கும் உணவு. இன்றைய புல்வெட்டி எஞ்சின்கள் பலவற்றிலும் இதே முறைதான்; எண்ணெய் வடிகட்டியும் பெரும்பாலும் கிடையாது. ஆகையால் உள்ளே விழுந்த அழுக்கு உள்ளேயே சுற்றும். எரிந்த டீசலின் கரி, அதன் கந்தகத்திலிருந்து உண்டாகும் அமிலம், இரவில் குளிர்ந்து படியும் நீர்த்துளி, தேய்ந்த உலோகப்பொடி, எரியாது கசிந்த டீசல் ஆகிய ஐந்தும் எண்ணெயில் சேர்கின்றன. எண்ணெயின் அளவு குறையாமல் இருக்கும். குணம் குறைந்துகொண்டே போகும்.

இந்த வேறுபாட்டை அறியாததால் நேர்ந்த இழப்பு ஒன்றை நான் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது பார்த்தேன். எங்கள் தெருவில் ஒருவர். எனக்குப் பெரியப்பா முறை. எஞ்சினை நாள்தோறும் துடைத்து, பொங்கலன்று சந்தனமும் குங்குமமும் இடுவார். அளவுக் குச்சியில் எண்ணெய் குறைந்தால் உடனே ஊற்றுவார். இரண்டு குறுவைக் காலம் அப்படியே ஓடியது. மூன்றாம் ஆண்டு, ஆறு வறண்ட ஆனி மாதத்து நள்ளிரவில், கிறீச்சென்ற ஓர் ஓசையோடு எஞ்சின் நின்றது. தஞ்சாவூரிலிருந்து பிட்டர் வருவதற்கு மூன்று நாளாயிற்று. அதற்குள் நாற்றங்கால் வெடித்துவிட்டது. வந்தவர் அடிமறையைத் திறந்தார். கெட்டித் தார் போன்ற ஒன்று மெல்ல இறங்கியது.

“ஐயா, கடைசியா எண்ணெய் எப்போ மாத்தினீங்க?”

“நான்தான் வாரா வாரம் ஊத்துறேனே, தம்பி.”

“ஊத்துறது வேற, மாத்துறது வேறங்க.”

உருகி ஒட்டிக்கொண்ட தாங்கியை அவர் கையில் எடுத்துக் காட்டினார். டவர் கண்ட அந்த எண்ணெய் ஆப்பு இல்லாமற்போனதால் இரும்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. பெரியம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பாதி நிலம் அவ்வாண்டு குறுவை காணவில்லை. பழைய மாட்டுவண்டியில் மசகை ‘இட்டுக்கொண்டே இருந்து’ பழகிய கை அவருடையது. அறியாமை என்று அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. விற்றவர் யாரும் அவருக்குப் புரியும் மொழியில் ஒரு துண்டுத்தாள்கூடக் கொடுக்கவில்லை. எஞ்சினோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது.

பிட்டர் அன்று செய்து காட்டிய முறை இன்றைக்கும் மாறவில்லை. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்த வேண்டும். சூடான எண்ணெய் இளகியிருக்கும். அடியில் படியவிருந்த அழுக்கையும் தன்னோடு கொண்டுபோகும். ஆறிய எண்ணெயை வடித்தால் எண்ணெய் போகும், அழுக்கு தங்கும். பிறகு அடிமறையைக் கழற்றி முற்றும் வடியவிட்டு, மறையைத் துடைத்து இறுக்கி, உரிய தரத்து எண்ணெயைக் குச்சியின் மேற்கோடு வரை ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலும் ஊற்றுவது பரிவு அன்று. தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கும்; உருளைக்குள் ஏறி நீலப்புகையாகும். தரத்தைக் குறிக்கும் 30, 40 என்னும் எண்கள் அமெரிக்க மோட்டார் பொறியியலாளர் சங்கம் 1911இல் வகுத்த முறையில் வந்தவை. எண் பெரிதானால் எண்ணெய் கனத்தது. எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பதும் முழு உண்மையன்று. 1930களில் வந்த கழுவும் மருந்து கலந்த எண்ணெய், கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வதால் விரைவில் கறுக்கும். டீசல் எஞ்சினில் அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அது அடையாளம். நிறத்தை நம்பாமல் ஓடிய மணியை எழுதிவைத்து மாற்றுவதே முறை.

பள்ளி மைதானங்களில் இன்று காணும் சிறு பெட்ரோல் புல்வெட்டிக்கு அரை லிட்டர் அளவில் எண்ணெய் பிடிக்கும். புதிய எஞ்சினில் முதல் 5 மணி ஓட்டத்துக்குப் பின்னும், பிறகு 50 மணிக்கு ஒருமுறையும் மாற்றும்படி பல கம்பெனிகள் சொல்கின்றன. முதல் 5 மணியில் புது உலோகத்தின் பிசிறுகள் உதிர்ந்துவிடுவதே காரணம். அதில் கைவைக்கும் முன் தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். கத்தி தற்செயலாகச் சுழன்றால் விரல் தப்பாது. கவிழ்க்கும்போது காற்று வடிகட்டி மேற்புறம் இருக்கட்டும்.

ஆயில் எஞ்சின்களின் இடத்தை மின்மோட்டார்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசமாயிற்று. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாளில் திறக்கப்படவில்லை. அவ்வாண்டுகளில் நிலத்தடி நீரை நம்பியே குறுவை நடந்தது. மின்சாரம் தடைப்பட்ட இடங்களில் கொட்டகையில் கிடந்த கிழட்டு எஞ்சின்களைத் துடைத்துக் கைப்பிடி போட்டுச் சுற்றினார்கள். எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி வைத்திருந்தவர்களின் எஞ்சின் கிளம்பியது. பழைய எண்ணெயோடு கிடந்தவற்றுள் பலவற்றில் அமிலம் உள்ளே அரித்திருந்தது.

வடித்த எண்ணெய் எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் அதில் ஒரு சொட்டும் வீணாகாது. கதவுக்கும் கைமரத்துக்கும் கரையான் அண்டாமல் தடவினார்கள். கிணற்று உருளைக்கு விட்டார்கள். எஞ்சின்கள் பெருகியபோது எண்ணெயும் பெருகியது. மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டினார்கள். தேங்கிய நீரில் வானவில் நிறத்தில் படலமாக விரிவதைச் சிறுவர்கள் நாங்கள் அழகென்று நின்று பார்த்திருக்கிறோம். அந்தப் படலத்தின் கீழ் நீருக்குக் காற்று சேராது. தேய்ந்த உலோகத்தின் நஞ்சும் அதில் உண்டு. பயன்படுத்திய எண்ணெய் தீங்கான கழிவு என்றே இந்திய விதிகள் வகுத்துள்ளன. எண்ணெய் விற்பவரே பழைய எண்ணெய் திரும்பச் சேகரிக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டுமென்று 2023இல் திருத்தம் செய்யப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நரிமணத்தில் நிலத்தடி எண்ணெய் எடுத்து, 1993இல் நாகைக்கு அருகே சுத்திகரிப்பு ஆலையும் கண்ட படுகை இது. இப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020இல் சட்டமும் இயற்றப்பட்டது. மேலே கொட்டுவதைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு.

பூதலூர்க் கடைத்தெருவில் டிராக்டர்ப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இதற்கென இருநூறு லிட்டர்ப் பீப்பாய் ஒன்றை வாசலில் வைத்திருக்கிறார். அது நிறைந்ததும் லாரி வருகிறது. அளந்து, பணம் கொடுத்து, எடுத்துச் செல்கிறார்கள்.